விருப்பு வாக்கு

ஜம்பட்டா வீதியில் பேக்கரிக்கு மேலே
ஒற்றை அறைக் கந்தோர்.
விடியப்புறம் பாண் வேகும்போது
தரை காலைச் சுடும்.
அங்கேதான் பத்தொன்பது வருடம்
இருதயநாதனுக்குக் கடிதம் அடித்தேன்.

முதல் தேர்தல் மாநகர சபை.
சுயேச்சைக் குழு, சின்னம் சுவர்க் கடிகாரம்.
'நேரம் வந்துவிட்டது' என்று நோட்டீஸ் அடித்தோம்.
வரவில்லை.
அறுநூற்றுப் பதினொரு வாக்கு.
கட்டுப்பணமும் போனது.
கடிகாரம் வரைந்த மதிலில் மறுமாதமே
யாரோ டியூஷன் விளம்பரம் ஒட்டினார்கள்.

அடுத்த முறை கட்சி கிடைத்தது, இலக்கம் இருபத்தேழு.
ஆமர் வீதி தோட்டங்களுக்குள் வெள்ளம் ஏறிய கிழமை
முழங்கால் தண்ணீரில் பாண் மூட்டையோடு நின்றவரை
ஒருத்தரும் படம் எடுக்கவில்லை.
அதனால்தான் சனம் நம்பியது என்று நினைக்கிறேன்.
மூவாயிரத்து நானூற்றிரண்டு.
சபையில் அவர் பேசியதெல்லாம்
கான், கக்கூஸ், அள்ளாத குப்பை.
பேப்பரில் ஒரு தரம் வந்தது,
இருதயராஜன் என்று.

பிறகு மாகாண சபை. இலக்கம் ஒன்பது.
பத்து விரலையும் விரித்து
ஒரு சின்ன விரலை மடக்கிக் காட்டுவார்.
பிள்ளைகள் அவரைக் கண்டால்
பள்ளிக்கூட வேனுக்குள் இருந்தே மடக்கும்.
பதினோராயிரத்துச் சொச்சம்!
பேக்கரி முதலாளி இருநூறு மாலு பணிஸ் இனாம் என்றார்.
பில் பிறகு வந்தது.

அந்த ஐந்து வருடம் நான் அடித்த கடிதங்கள்:
முதலாம் வகுப்புக்கு, தண்ணீர் மீட்டருக்கு,
தொடர்மாடியின் ஒழுகும் மொட்டைமாடிக்கு,
பொலிஸில் நிற்கும் ஒரு த்ரீவீலுக்கு,
'இவர் எனக்கு நன்கு தெரிந்தவர்'.
பாதிப் பேரை அவருக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

மறுமுறை தோற்றார்.
எதிர்க்கட்சியிடமல்ல,
அதே பட்டியலில் நின்ற டொக்டர் கனகேந்திரனிடம்.
முப்பத்தெட்டு விருப்பு வாக்கு வித்தியாசம்.
மீள எண்ணினார்கள். முப்பத்தெட்டேதான்.

அன்றிரவு ஒரு சீஆர் கொப்பி வாங்கி
ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை இலக்கமிட்டார்.
மாடி மாடியாய் ஏறி, முகம் முகமாய்ப் பார்த்து,
பெயர் எழுதிக்கொண்டு வந்தார்.
மச்சான் ஒருவர், மீன் வியாபாரி ஒருவர்,
கோயில் சபையில் மூன்று பேர்.
முப்பத்துநாலில் நின்றது.
'ரோசலின், இன்னும் நாலு பேர் பிடிபடவில்லை.'
நான் பிளேன்டீயை ஆற்றிக்கொடுத்தேன்.

ஒரு புள்ளடி கட்சிக்கு. இலக்கம் மூன்று போடலாம்.
நான் இரண்டு போட்டேன்.
முதலாவது அவருக்கு, கை நடுங்காமல்.
இரண்டாவது டொக்டருக்கு.
பெரியாஸ்பத்திரியில் என் மனுசன்
வராந்தாவில் பாயில் கிடந்த நாலாம் நாள்
கட்டில் எடுத்துத் தந்தது அவர்.
கடிதம் கேட்கவில்லை. பெயரும் கேட்கவில்லை.

டொக்டர் இடையில் கனடா போக,
வெற்றிடத்துக்கு இருதயநாதன் வந்தார்.
பதினான்கு மாதம்.
சத்தியப்பிரமாணப் படத்தில் சிரிக்கவில்லை.

பிறகு சபை கலைந்தது.
தேர்தல் வரும் என்றார்கள், எல்லை பிரிக்கிறோம் என்றார்கள்,
அடுத்த வருடம் என்றார்கள்.
அறிக்கைகள் வந்தன.
வெல்ல வழியில்லை. சரி.
தோற்கவாவது ஒரு தேர்தல் வேண்டாமா மனிசனுக்கு?

பழைய கடிதத்தாள் இன்னும் இரண்டு கட்டு இருக்கிறது.
'உறுப்பினர்' என்பதற்கு முன்னால்
'முன்னாள்' என்று சீல் குத்துவது என் வேலை.
சில நாள் சாய்ந்து விழும்.
சில நாள் குத்த மறந்ததாக இருந்துவிடுவேன்,
அவரும் பார்க்காததாகக் கையெழுத்து வைப்பார்.
சனம் இப்போதும் படியேறி வருகிறது.
செல்லாத கையெழுத்து என்று தெரிந்தும்
மடித்து, உறையில் போட்டு, நெஞ்சோடு கொண்டுபோகிறது.

நேற்று ரேடியோவில் ஏதோ சொன்னார்களாம்.
அச்சகத்துக்கு எடுத்து போஸ்டர் விலை கேட்டார்.
இலக்கம் ஒன்பதே கிடைக்குமா என்று என்னைக் கேட்டார்.

அவர் போனபின் லாச்சியைத் திறந்து
கொப்பியின் முப்பத்தைந்தாம் வரியில்
பேனையை வைத்துப் பார்த்தேன்.
ஒரு புள்ளி விழுந்தது.

திகதி அறிவிக்கட்டும்.
மிச்சத்தை எழுதுகிறேன்.