முப்பது நொடி

கேபிளிலிருந்து அந்தச் சேனலை எடுத்துவிட்டார்கள்.
வள்ளவிளை கிளப்பில்
ததேயூசின் போனைத்தான் சுவரில் பாய்ச்சினோம்.

ஸ்கோர் கட்டம் பழைய இடத்தில் இல்லை.
வலது மூலையில் குந்தியிருக்கிறது,
விங்கர் ஓடுகிற வழியை மறைத்து.
"எடுலே அத" என்றான் கிளீட்டஸ்,
வலையில் ஏறிய சொறிமீனைச் சொல்வதுபோல்.
கார்னர் கிக் நேரத்தில் திரை சுருங்கி
ஒரு சிமென்ட் விளம்பரம்.

அதெல்லாம் போகட்டும்.
டிஷ் வைத்த பெனான்சியுஸ் வீட்டில்
முப்பது நொடி முன்பே கோல் விழுகிறது.
அலறல் வந்த பிறகுதான்
எங்களுக்குப் பந்து வருகிறது.

எண்பத்தெட்டாவது நிமிடம். பெனால்டி.
எங்கள் சுவரில் இப்போதுதான் பந்தை வைக்கிறான்.
கிளீட்டஸ் சிலுவை போட்டுக்கொண்டான்,
எப்போதோ முடிந்துபோன ஒன்றுக்காக.

பெனான்சியுஸ் வீட்டில் சத்தமே இல்லை.
அந்தப் பக்கம் கரண்ட் இருக்கிறதா என்று
ஒருவன் எட்டிப் பார்த்தான்.