எட்டாவது இதழ்

தேவகோட்டை அச்சகம் அது.
புத்தகத்தில் ஆண்டு போடமாட்டார்கள்.
போட்டால் பழசாகிவிடும், விற்காது
என்பது முதலாளி சாத்தப்பனின் கணக்கு.

ஆகவே நான் அட்டையைப் பார்த்து
ஆண்டு சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
நாளுக்கு நாற்பது புத்தகம்,
ஒரு லென்ஸ், மூக்கில் கட்டிய துணி.

எல்லாவற்றுக்கும் ஒரே பித்தளை அச்சு,
ஒரே தாமரை.
முதலில் கப்பலில் வந்த காலிகோ துணியில்
தங்கரேக்கு வைத்து அழுத்தியது.
யுத்தம் வந்தது, ரேக்கு நின்றது,
மஞ்சள் மையில் பூத்தது.
காகிதத் தட்டுப்பாட்டில்
பழுப்புத் தாளில் நீர்த்த மையில்
வெந்த வெங்காயம் மாதிரி கிடந்தது.
பிறகு ஊரெல்லாம் கலர் கேட்க
அதே அச்சை இருமுறை அடித்தார்கள்:
சிவப்பு இங்கே பூக்க
நீலம் ஒரு நூல் தள்ளிப் பூத்தது.

பதிகத் திரட்டு, வட்டி வாய்ப்பாடு,
துப்பறியும் நாவல்.
பிணத்தின் தலைமாட்டிலும்
அந்தத் தாமரைதான்.

விகிருதி வருடம் ஆடி பதினாலு.
கூலிப் பேரேட்டில் ஒரு வரி:
'அச்சைக் கீழே போட்டதற்கு
சவரிமுத்து, அபராதம் ஆறணா.'
எட்டாவது இதழ் நசுங்கிவிட்டது.

முழு இதழா, ஆடிக்கு முன்.
நசுங்கியதா, பின்.
என் ஆராய்ச்சி முறை இவ்வளவுதான்.
முந்நூறு புத்தகத்துக்குப் பிறந்தநாள் குறித்தது
ஒருவர் கை நழுவியது.

இன்று ஒரு சமையல் புத்தகக் கட்டு,
விற்காமல் சணலோடு கிடந்தது.
விலை நயா பைசாவில்.
ஆனால் இதழ் எட்டும் முழுசு.

போச்சு, ஆறு மாத வேலை.

லென்ஸை வைத்தேன்.
ஏழு இதழில் மை.
எட்டாவதில் ஊதாப் பென்சில்.
அடுத்த பிரதியிலும். அதற்கடுத்ததிலும்.
ஒன்று மீன் மாதிரி, ஒன்று கொஞ்சம் பருத்து,
ஒன்று அவசரத்தில் கோட்டைத் தாண்டி.

முதலாளி சொல்லிச் செய்ததாக இருக்கலாம்.
அபராதத்தில் கழித்தார்களோ என்னவோ,
பேரேட்டில் அதற்கு வரி இல்லை.
சவரிமுத்துதான் என்றுகூட
என்னால் எழுத முடியாது.

ஆனால் அந்த ஊதா
எச்சில் பட்டால்தான் எழும்பும்.

ஐந்நூறு பிரதி.
முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவரிடம்
யாராவது கேட்டிருப்பார்கள்,
நாக்கு ஏன் இப்படி என்று.