பன்னிரண்டு மில்லிமீட்டர்

பனீர் திரண்டபின்
மிஞ்சுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
பத்துக் குடம் பாலில் ஒன்றரைக் குடம்தான் கட்டி.
மற்றதெல்லாம்
இளம்பச்சை வெளுப்பில், லேசாகப் புளித்து,
உச்சிப்புளி யூனிட்டின் பின்சுவர் ஓட்டை வழியே
பனங்காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.
மணல் குடித்தது. குடித்துக் குடித்து
ஒரு சித்திரையில் குமட்டியது.
ஊராட்சியின் மூன்றாவது நோட்டீஸ் வந்த அன்று
"இதுக்கு ஒரு வழி பண்ணு ரமீசா" என்றார் முதலாளி செய்கு நெய்னார்,
குழாய் ஒழுகுது பாரு என்கிற குரலில்.

வழி
தொண்ணூறு டிகிரியில் இருந்தது.
அதுவரை சுருண்டு கிடக்கும் புரதம்
அந்தச் சூட்டில்தான் முடிச்சவிழ்கிறது,
அவிழ்ந்ததும் பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்கிறது.
வளைந்து கொடுக்கக் கொஞ்சம் கிளிசரின்.
மண்டபத்து இறால் ஷெட்டில் கூட்டித் தள்ளிய ஓடு,
அமிலத்திலும் காரத்திலும் மாறி மாறி வெந்து பொடியானது.
கிராம்பு எண்ணெய் ஆறு சொட்டு.
கண்ணாடித் தட்டில் ஊற்றி
ஃபேனை நிறுத்தி
மூச்சையும் கொஞ்சம் நிறுத்திக்கொண்டு நின்றேன்.

முதல் பதினாறு தாள் கிழிந்தன.
பதினேழாவது கடல்காற்றின் ஈரத்தைக் குடித்து
வேகாத தோசை மாதிரித் தொங்கியது.
அடுத்ததன்மேல் ராத்திரி ஒரு பல்லி நடந்திருந்தது,
நாலு காலும் வாலும் அச்சுப் பிசகாமல்.
அதை மட்டும் எறியாமல் வைத்திருக்கிறேன்.

இருபத்து மூன்றாவது
வெயிலில் வெந்த தோள் உரிவதுபோல்
ஒரே இழுப்பில் வந்தது.
அதன் வழியே பார்த்தேன்:
ராமேஸ்வரம் ரயில் மஞ்சளாகப் போனது.

பிறகு கிருமிகள்.
சீலா மீன் செவுளில் சுரண்டியதை
அகர் தட்டில் பரப்பி,
தாளில் ஒரு பொட்டு வெட்டி நடுவில் வைத்து
முப்பது டிகிரியில் தூங்கவிட்டேன்.
காலையில்
தட்டெங்கும் வெள்ளை வெள்ளையாகக் குடியேறியிருந்தன.
பொட்டைச் சுற்றி மட்டும்
வெறுமையாய் ஒரு வளையம்.
அளந்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர்.

மீன் கொடுத்த பாம்பன் பிரகாசி
தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள்.
"இந்தக் கோட்டுக்கு உள்ள ஒண்ணுகூட வரலையா?"
வரலை.
"காவலுக்கு யாரும் நிக்கலையே."
இல்லை.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவள் மகன் படகு
போன மாசியிலிருந்து அந்தப் பக்கத்துக் கரையில் நிற்கிறது.
ஜிபிஎஸ் கத்தும்போது
வலை ஏற்கெனவே நீரில் கிடந்ததாம்.
"கண்ணுக்குத் தெரியாததுக்கெல்லாம்
எல்லை தெரிஞ்சிருக்கு" என்றாள்.

அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்து
வியாபாரத்துக்கு வந்தாள்.
எத்தனை நாள் தாங்கும்?
பாலித்தீனில் ரெண்டு, இதில் நாலு.
ஐஸ் தண்ணி பட்டா?
நான் வாய் திறக்கவில்லை.
அவளே ஒரு துண்டை வாளியில் போட்டு, எண்ணி,
இருநூறு வருமுன் எடுத்தாள்.
கொழகொழத்து விரலில் ஒட்டியது.
"நெய்னார்ட்ட சொல்லாத. வேற கொண்டா, பாக்கேன்."

போகிறபோக்கில் அதை வாசல் ஆட்டுக்கு வீசினாள்.
இதன் தாய் ஆடியில் வயிறு உப்பிச் செத்தது,
அறுத்தால் உள்ளே தேங்காயளவு கேரிபேக் பந்து.
குட்டி முகர்ந்தது,
கிராம்புக்கு ஒரு தும்மல் போட்டது,
தின்றுவிட்டு
என் கையைப் பார்த்தது.

நோட்டை எடுத்து
இருபத்து நாலு என்று போட்டு,
பக்கத்தில் எழுதினேன்:
தேன்மெழுகு, கொஞ்சம்.