இடம் போதாத அறை

குதைபியாவில் கறுப்புக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே
பதினோரு வருடமாகப் புருவம் திருத்துகிறேன்.
நூலின் ஒரு நுனி பல்லில், மற்றது விரலில்.
பிப்ரவரியிலிருந்து எல்லா முகத்திலும் நாலு புருவம்.

"ஏன் முறைக்கிறாய்?" என்று
டிப்ஸ் வைக்காமல் எழுந்து போனாள் ஒருத்தி.
முறைக்கவில்லை, அம்மணி.
இமை உள்வாங்கிவிட்டது, கரையை விட்டுக் கடல் போவதுபோல.

கழுத்துச் சுரப்பிக்கும் கண்ணுக்கும்
என்ன வரப்புத் தகராறு என்று கேட்டேன்.
எகிப்து டாக்டர் அரபியில் விளக்கினார்,
நர்ஸ் பின்சி மலையாளத்தில் சொன்னாள்,
நான் தமிழில் பயந்தேன்.

ரசீதின் பின்பக்கம் ஒரு கட்டம் வரைந்தார்.
எலும்பு அறை. அதற்குள் கண்.
பின்னால் தசையும் கொழுப்பும் வீங்கி
கண்ணை வாசலுக்குத் தள்ளுகின்றன.
உடனே புரிந்தது.
ஒரே ஹாலில் நாங்கள் ஆறு பேர், நடுவே பிளைவுட்,
படுத்தால் என் கால் திரைக்கு வெளியே.

செலினியம் மாத்திரை ஆரம்பத்துக்கு, நீ தாமதம் என்றார்.
கழுத்துக்கு அயோடின் இப்போது வேண்டாம், கண்ணுக்கு இன்னும் கோபம் வரும்.
வாரம் ஒரு டிரிப், ஸ்டீராய்டு, பன்னிரண்டு வாரம்.
முகம் ஊதும், சர்க்கரை ஏறலாம், தூக்கம் கெடும்.
(மூடாத இமையோடு
இதுவரை என்ன தூங்கிக் கிழித்தேன்?)
புதிதாக ஒரு மருந்தும் உண்டாம்.
விலையை அவர் சொல்லவில்லை, பின்சி சொன்னாள்:
"இன்சூரன்ஸ்காரன் கேட்டால் அவன் விழியும் பிதுங்கும்."

எரிச்சல் அடங்கிய பின் சுவரை இடிக்கலாம்,
கண் பின்னால் போய் உட்காரும் என்றார்.

முனிசிபாலிட்டி வந்து எங்கள் தடுப்பை இடித்த அன்று
அறை இவ்வளவு பெரிதா என்று பார்த்துக்கொண்டே நின்றோம்.
அன்றிரவு படுக்க இடமில்லை.

"வீட்டில் புகை பிடிப்பது யார்?"
யாருமில்லை என்றேன். பொய்.
ரூபவதி, குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு.
அவளிடம் சொன்னேன். பதில் பேசவில்லை.
இப்போது தினமும் ஜெல் விட்டு, பிளாஸ்திரி கிழித்து
என் இமைகளை ஒட்டுகிறவள் அவள்தான்.
விரலில் வாடை குறைந்துகொண்டு வருகிறது.

வியாழன் மாலை உம் ஷைகா நிகாபை விலக்கிச் சாய்ந்தாள்.
வெளியே கண்ணை மட்டும் எடுத்துப் போகிறவள்.
என்னைப் பார்த்தாள். கீழிமையை இழுத்து
உட்புறச் சிவப்பைக் காட்டினாள்:
"இந்த வழியாகத்தான் இடித்தார்கள்.
பிறகு நாலு மாதம் எல்லாமே இரண்டு.
கண்ணாடியில் பிரிஸம் ஒட்டினார்கள், தசையைக் கொஞ்சம் நகர்த்தினார்கள்."

"பயமாக இருந்ததா?" என்றேன், என் ஓட்டை அரபியில்.
"புருவத்தைப் பார்" என்றாள்.

"இதில் எந்த இரண்டு உங்களுடையது?"
"நாலும்தான். எதையும் கெடுத்துவிடாதே."

இடக் கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டினேன்.
நாலு, இரண்டாயிற்று. நூலைக் கடித்தேன்.

முதல் டிரிப் ஞாயிறு காலை.
முதலாளியம்மா அரைநாள் சம்பளம் பிடிப்பாள்.