முப்பது படம், கொஞ்சம் குறைய

தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய நாடா.
மேலே நீலப் பேனாவால்: ஸ்காபரோ, 2003, பனி.
"பளிச்செண்டு ஆக்கித் தாங்கோ" என்றா
தேவகுஞ்சரி அக்கா.
படியிறங்கும்போது திரும்பி,
"எடுத்தவன்ர கதையை மட்டும் இல்லாமச் செய்துபோட்டு
பாட்டு ஒண்டு போட்டுவிடுங்கோ."

எடுத்தவர் அகிலேசன். அவவின் தம்பி.
சீட்டுக்காசில் முறிந்தது.
பதினொரு வருடம், ஒரு ஹலோ இல்லை.
டாண்டினோங்கில் இது எல்லாருக்கும் தெரியும்,
கறிவேப்பிலை நிறுத்துத் தருபவருக்கும்கூட.

ஒரு மணிநேர நாடாவைக் கணினிக்குள் இறக்க
ஒரு மணிநேரம்தான் வேண்டும்.
அவசரப்படுத்த வழியில்லை.
கேபிள் அசைந்தால் ஒரு படம் விழும்.
நான் தேநீர்கூடப் போடவில்லை:
கேத்தில் கொதிக்கையில் இந்த வீட்டு விளக்கு
ஒருதரம் சிமிட்டும்.

பதின்மூன்று ஜிகாபைட்.
சுருக்கட்டுமா என்று கேட்டது மென்பொருள்.
சுருக்கியதை வெட்டி, வெட்டியதைச் சுருக்கி,
மறுபடி திறந்து, மறுபடி சேமித்து...
காதுக்குக் காது போகும் சண்டைக் கதை அது.
ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் உதிரும்,
இல்லாதது கொஞ்சம் ஒட்டும்.
வேண்டாம் என்றேன்.
வெட்டு விழும் இடத்தில் மட்டும் என் கை படட்டும்,
மற்றதெல்லாம் வந்தபடியே.

அங்கே ஒரு விநாடிக்கு
முப்பது படம், கொஞ்சம் குறைய.
இங்கே இருபத்தைந்து.
மாற்றலாம். மாற்றினால் அந்த மிச்சம் எங்கே போகும்?
பனியுருண்டை எறியும் பிள்ளையின் கை
தோளிலிருந்து நேரே காற்றுக்குத் தாவும்.
அங்கத்தைய விநாடி
அங்கத்தையதாகவே இருக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு புள்ளிகள்.
வெளிச்சம் போதாத குசினி முழுக்க
சீனியில் எறும்பு மொய்த்தமாதிரி.
வடிகட்டியை ஓடவிட்டேன்.
சுவர் பளிங்காயிற்று.
அக்காவின் முகம் மெழுகாயிற்று,
கண்ணோரச் சிரிப்புக்கோடு இரண்டும் காணோம்.
பதினேழாம் நிமிடம், குசினி யன்னல், வெளியே இரவு:
நல்ல சுத்தமான கறுப்பு.
முதல் பார்க்கும்போது
இதற்குள் என்னவோ இருந்ததே?

வடிகட்டியை நிறுத்தினேன்.
புள்ளிகளுக்குள் ஒரு ஆள்.
ஒரு கண்ணில் கமரா,
மற்றக் கண் இறுக மூடி,
வாய் மட்டும் அசைய:
"அக்கா, இஞ்ச பார். இஞ்ச பாரன்."
முழு நாடாவிலும்
எடுத்தவர் அகப்பட்ட ஒரே இடம்.
எண்ணினேன். நாற்பத்தொரு படம்.
ஒன்றரை விநாடிகூட இல்லை.
இயந்திரத்தின் கணக்கில்
அவர் இரைச்சல்.

பாட்டைப் போட்டேன், சொன்னபடியே.
நல்ல நாதஸ்வரம்.
குரலை வெட்டவில்லை.
இரண்டாம் ஒலித்தடத்தில் வைத்தேன்,
ரிமோட்டில் ஒரு பொத்தான் தள்ளி.
இது நேர்மையா என்று
இரவு வேலைக்குப் போகும் பஸ்ஸில் யோசித்தேன்.
இறங்கும் இடம் வந்துவிட்டது.

சனிக்கிழமை வந்து பார்த்தா.
நானும் பின்னால் நின்றேன்.
"என்ன, புள்ளி புள்ளியாத்தானே கிடக்கு?"
"அது அப்பிடித்தான் அக்கா. துடைச்சா முகம் போயிடும்."
பதினேழாம் நிமிடத்தில் ஒன்றும் சொல்லவில்லை.
பதினெட்டில் நிறுத்தச் சொல்லி,
தண்ணீர் கேட்டா.
பின்னால் ஓட்டச் சொல்லவில்லை.

இருபது டொலர் தந்தா.
வாங்கினேன், வேண்டாமென்று நடிக்கவில்லை.
வாசலில் சப்பாத்து மாட்டும்போது
"அந்த யன்னலில..." என்று தொடங்கி,
நாடாவைக் கைப்பையின் உள்ளறைக்கு மாற்றி,
சிப்பை இழுத்து,
"இண்டைக்கு இங்கயும் நல்ல குளிர்" என்றா.