பிளாஸ்டிக் குழாய்

எங்கள் பள்ளியில் குழாய்கள் எல்லாம் பிளாஸ்டிக்.
திருகினால் முதலில் ஒரு செருமல், பிறகு தண்ணீர்.
ஆரம்பத்தில் பித்தளை இருந்தது.
இரண்டு வாரம் இருந்தது.

சாட்ஸ்வர்த்தில் எதை எங்கே எடைக்குப் போடலாம் என்று
இங்கே படிக்கும் பதினாறு பேருக்கும் தெரியும்.
செம்பு கிலோ என்ன விலை என்று கேட்டால்
கணக்கில் தோற்றவன்கூடச் சரியாகச் சொல்வான்.
நான் எங்கள் வீட்டு கீசர் குழாயை அறுத்தவள்.
அம்மாவின் வெந்நீரை நான்தான் விற்றேன்.
ஜூலை மாதக் குளிர்.
அவள் கெட்டிலில் காய்ச்சி, வாளியில் விளாவி,
குளித்துவிட்டு வேலைக்குப் போனாள்,
என்னிடம் ஒன்றும் கேட்காமல்,
தலையை மட்டும் நனைக்காமல்.

பள்ளி என்றால்
பழைய சோபாக் கடையின் மாடி.
ஜன்னல் கண்ணாடியில் இன்னும் உரியாத எழுத்து:
முன்பணம் வேண்டாம்.
கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.
வாசலில் பைகளைக் கவிழ்க்க ஒரு மேசை.
சாப்பாட்டை அலுமினியத் தாளில் சுற்றி வரக் கூடாது.

அம்மா ஒருநாள் மறந்து சுற்றிவிட்டாள்.
மேசையில் அது மின்னியது.
வரிசை முழுக்கப் பேச்சு நின்றது.
என் வாயில் எச்சில் ஊறியது,
ரொட்டிக்காக அல்ல.
வாசலில் நின்ற படயாச்சி நிதானமாகப் பிரித்தார்,
தாளைக் கசக்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்,
ரொட்டியை வெறுமனே என் கையில் வைத்தார்.
உருளைக்கிழங்குக் கறி மணிக்கட்டு வரை வழிந்தது.
அன்றைய கூட்டுவட்டிக் கணக்கெல்லாம் மஞ்சள்.

வரலாற்று வகுப்பில் மிஸ் நொம்புசோ
ஆயிரத்து எண்ணூற்று அறுபதுக்கு வந்து சேர்ந்தார்.
கப்பல், ஒப்பந்தம், கைநாட்டு.
"இத்தனையும் எதற்கு? சர்க்கரைக்கு."
கடைசி பெஞ்சில் ஒருவன் மூக்கால் சிரித்தான்.
பிறகு எல்லோரும்.
ஷுகர்ஸ் என்றுதானே அதற்கும் இங்கே பெயர்.
அவர் சாக்பீஸை வைத்துவிட்டு
பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
தோள்கள் குலுங்கின. அவரும்தான் சிரித்தார்.
சிரித்து ஓய்ந்தபோது
யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பித்தளையைக் கழற்றியவன் யூகன்.
பத்தொன்பது நாள் அவன் வரவில்லை.
பத்தொன்பது நாளும் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.
'வரவில்லை' என்று யாரும் சொல்லக் கூடாது,
அது இங்கே விதி.
ஒரு மூச்சு அளவு காத்திருந்து
அடுத்த பெயருக்குப் போவார்கள்.
என் பெயர்தான் அடுத்தது.
அந்த ஒரு மூச்சுக்குள் தினமும் நான் நின்றேன்.

மழை பெய்த ஒரு வியாழக்கிழமை
ஷூவிலிருந்து நீர் பிதுங்க மாடியேறி வந்தான்.
சுவர்ப் பலகையில் தன் பெயருக்கு எதிரே இருந்த
அறுபத்தொன்றைச் சட்டைக் கையால் அழித்தான்.
ஒன்று என்று எழுதவில்லை.
"நாளைக்கு எழுதுறேன். இன்னிக்கு இன்னும் முடியலையே."
கை கழுவப் போனவன்
குழாயைத் திருகி, தட்டிப் பார்த்து,
என்னைக் கேட்டான்: "என்ன விலை?"
"முப்பது ரேண்ட்."
"போட்டா ஒன்னும் தேறாது" என்றான்,
குனிந்து அதில் வெகுநேரம் தண்ணீர் குடித்தான்.

என் எண் இப்போது நூற்று நான்கு.
போன சனிக்கிழமை வீட்டுக்கு பிளம்பர் வந்தார்.
"பிளாஸ்டிக்கே போதும், மலிவு" என்று
முந்திக்கொண்டு சொன்னேன்.
அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே,
திரும்பாமலே சொன்னாள்,
"செம்புதான் போடணும்."

இரவில் என் கட்டிலுக்குப் பின்னால்
சுவருக்குள் அது சூடேறி டிக் டிக்கென்கிறது.
எத்தனை மீட்டர் என்று எனக்குத் தெரியும்.
கிலோ என்ன விலை என்றும்.