மரண அறிவித்தல்

சிங்கப்பூரில் ஒரு தபால்பெட்டியைப் பிறப்பிடமாகவும்
கேமன் தீவில் இன்னொன்றை வதிவிடமாகவும் கொண்ட
எதிர்பார்த்த இலாபம் அவர்கள்
ஒக்ரோபர் வியாழன் ஒன்றில், இரவு ஏழு இருபதுக்கு,
ஒன்ராறியோ மில்பிரிட்ஜ் ஊர்ச்சபையில்
ஐந்துக்கு இரண்டு வாக்குகளால்
அகால மரணமடைந்தார்.
பிறப்பதற்கு முன்னமே.

அன்னார்
எங்கள் மூன்று கிணறுகளின் ஏகபுத்திரனும்
(கிணறுகளுக்குத் தெரியாது)
வர்த்தக ஒப்பந்தத்தின் ஞானப்பிள்ளையும்
நூற்றுநாற்பது மில்லியன் டொலரும் ஆவார்.

ஸ்காபரோவில் பதினாறு வருஷம்
இப்படி எழுதித்தான் சீவித்தேன்.
மூலையில் குத்துவிளக்கு, நடுவில் படம்,
இளைய மருமகன் பெயர் விடுபட்டால்
சாமம் ஒரு மணிக்கும் டெலிபோன் வரும்.
இப்ப இங்கே பெற்றோல் நிலையம்.

தண்ணீர் எடுக்க ஊர் மறுத்ததற்கு
ஒட்டாவா மீது கொம்பனி வழக்குப் போட்ட கிழமை
கோப்பி எடுக்க வந்த டோனா,
ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், சொன்னாள்:
"செத்தவீடு ஒன்று வைப்போம்."

சாவு எனக்குத் தமிழில்தான் எழுத வரும்.
தமிழிலேயே ஒட்டினோம்.
ஒருவருக்கும் விளங்கவில்லை, எல்லாரும் தலையாட்டினார்கள்.
ஒப்பந்தமும் அப்படித்தானே வந்தது.

மார்ச் மாதம், சேறும் பனியும்.
ஹொக்கிப் பெடியள் நாலு பேர் பாடை தூக்கினார்கள்.
உள்ளே ஒன்றுமில்லை,
பாரம் பாரம் என்று முனகினார்கள்.
கொள்ளிக்குடத்துக்குக் கொம்பனியின் பதினெட்டு லீற்றர் போத்தல்.
சுற்றுக்கு ஒன்றாய் ட்ரில்லால் துளை போட்டேன்.
மூன்றாம் சுற்றில் டோனாவின் சப்பாத்து நிறையத் தண்ணீர்.
"இப்படித்தானா உறிஞ்சுவார்கள்?"
"இல்லை, இதில் சத்தம் கேட்கிறதே."

கறுப்புக் கண்ணாடிக்காரர் ஒருவர் படம் எடுத்தார்.
அறிவித்தலில் இரண்டு பிரதி கேட்டு வாங்கினார்,
மரியாதையாக, இரண்டு கையாலும்.

மே மாதம் தெரிந்தது:
மனுவின் இணைப்பு நாற்பத்தேழு
நான் எழுதியது.
கொலையை ஊரே ஒப்புக்கொண்டதாம்,
நேரமும் இடமும் உட்பட.
சத்தியக் கடதாசியோடு மொழிபெயர்ப்பு வேறு;
"அன்னார்" என்பதை
"மேற்படி சொத்து" என்று போட்டிருக்கிறான்.
பதினாறு வருஷத்தில் என் எழுத்தை
இவ்வளவு கவனமாக ஒருவரும் வாசித்ததில்லை.

ஆண்டுத் திவசத்துக்கு
நடுவர்கள் மூவருக்கும் தனித்தனியே கடிதம் போட்டிருக்கிறோம்.
இடம்: பெற்றோல் நிலையத்துக்குப் பின்னால்.
மதியபோசனம் உண்டு.
தண்ணீர், குழாயில்.